விநாடிக்கு மூன்று சென்டிமீட்டர்

“முதுகு பிடித்துவிடுவதற்கெல்லாம் ஒரு ஆராய்ச்சி மாநாடா? தேய்த்தால் சுகமாக இருக்கிறது. இதில் ஆராய என்ன இருக்கிறது?” மசாஜ் சிகிச்சை, ஒருங்கிணைந்த மருத்துவம் பற்றிய மாநாட்டுச் செய்தி ஒன்றைப் படித்துவிட்டு ஒரு வாசகர் இப்படிக் கேட்டிருந்தார்.

கொஞ்சம் நக்கலாகக் கேட்டிருந்தாலும் நல்ல கேள்வி. இப்படிப்பட்ட மாநாடுகள் நிஜமாகவே நடக்கின்றன. அமெரிக்காவின் மசாஜ் தெரபி ஃபவுண்டேஷன் 2010-ல் சியாட்டிலிலும் 2013-ல் பாஸ்டனிலும் நடத்தியது. ஒருங்கிணைந்த மருத்துவம் என்பதும் பெரிய மர்மம் இல்லை. மருந்து, அறுவை சிகிச்சையோடு கூடவே மசாஜ், யோகா, அக்குபங்சர் மாதிரியானவற்றில் சோதனையில் தேறியதைச் சேர்த்துக்கொள்வது, அவ்வளவுதான். ‘தேறியதை’ என்ற சொல்லை மட்டும் யாரும் விழுங்கிவிடக் கூடாது; விழுங்கினால் அது வெறும் கடைப்பலகை.

சரி, மசாஜை எப்படிச் சோதிப்பது? மாத்திரையைச் சோதிக்க வேண்டுமென்றால் அதே நிறத்தில் ஒரு மாவு மாத்திரை செய்து பாதிப் பேருக்குக் கொடுத்துவிடலாம். கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. போலி மசாஜை எப்படிச் செய்வீர்கள்? முதுகில் கை படுகிறதா இல்லையா என்று யாருக்காவது தெரியாமல் போகுமா? இந்தத் துறையின் நிரந்தரத் தலைவலி இதுதான். கிடைத்திருக்கும் நல்ல சோதனைகளில் ஒன்று 2011-ல் வெளிவந்தது. நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 401 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தசை, மூட்டு என்று இடம் பார்த்துச் செய்யும் ‘சிகிச்சை’ மசாஜ், இன்னொன்றுக்குச் சும்மா இளைப்பாறலுக்கான மசாஜ், மூன்றாவதற்கு வழக்கமான மருத்துவம் மட்டும். பத்து வாரம் கழித்துப் பார்த்தால் மசாஜ் குழுக்களில் சுமார் மூன்றில் ஒருவர் வலி போய்விட்டது அல்லது பெரும்பாலும் போய்விட்டது என்றார்கள், வழக்கமான மருத்துவத்தில் 25-ல் ஒருவர்தான். ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இடம் பார்த்துச் செய்த மசாஜும் சும்மா செய்த மசாஜும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் கொடுத்தன! வருஷக் கடைசியில் பலன் பெரும்பாலும் கரைந்துபோனது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அப்படியென்றால் வேலை செய்வது எது?

எது இல்லை என்பதை முதலில் சொல்லிவிடலாம். கழுத்துவலி என்று ஒருமுறை போய்ப் படுத்தபோது, பிடித்துவிட்டவர் கட்டைவிரலை ஓரிடத்தில் அழுத்தி, “பாருங்க சார், லாக்டிக் ஆசிட் கட்டி கட்டியா நிக்குது, நச்சு எல்லாம் வெளிய வருது, நெறைய தண்ணி குடிங்க” என்றார். வலி குறைந்த சந்தோஷத்தில் நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். லாக்டிக் அமிலம் கட்டியாக நிற்பதில்லை. கடும் உடற்பயிற்சியில் இரத்தத்தில் ஏறும் லாக்டேட் (அந்த அமிலம் உடலுக்குள் இருக்கும் வடிவம்), சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும், உடல் அதை எரிபொருளாக எரித்துவிடுகிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைச் சோர்ந்து விழும்வரை சைக்கிள் மிதிக்கவிட்டு, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடையிலிருந்தும் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் வந்த முடிவு: லாக்டேட்டில் வித்தியாசமே இல்லை, ஆனால் மசாஜ் செய்த காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் அடங்கியிருந்தன. அந்த ‘நச்சு’ என்ன, அதன் பெயர் என்ன, எந்தச் சோதனைக்குழாயில் பிடித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. ஈரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் பார்க்கும் வேலைக்கு இப்படி வேறு யாராவது பேர் தட்டிக்கொண்டு போவது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவது ஏன் என்பது பள்ளிப் பாடத்திலேயே இருக்கும்: தண்டுவடத்தில் ஒரு வாசல், தொடுகைச் செய்தி உள்ளே நுழைந்தால் வலிச் செய்திக்குக் கதவு பாதி சாத்தப்படுகிறது. 1965-ல் ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது, விவரங்கள் மாறியிருந்தாலும் சாராம்சம் நிற்கிறது. அதைத் தாண்டி வருவோம்.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே ஒரே ஒரு நரம்பிழைக்காகத்தான்.

தொடுகையைத் தூக்கிச் செல்லும் இழைகளில் நமக்குத் தெரிந்தவை வேகமானவை. மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்தியவை, விநாடிக்கு 50 மீட்டர் அளவில் ஓடுபவை. சட்டைப் பையில் சாவி இருக்கிறதா, கையில் இருப்பது காகிதமா துணியா என்று சொல்பவை இவைதான். உறை இல்லாத மெல்லிய இழைகள் வலிக்கும் வெப்பத்துக்கும் அரிப்புக்கும் மட்டும்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள். 1939-ல் ஸ்வீடனின் இங்வே ஸாட்டர்மான், பூனையில் உறையில்லாத இழை ஒன்று மெல்லிய தடவலுக்குத் துடிப்பதைப் பார்த்தார். மனிதருக்கு அது இருக்காது, பரிணாமத்தில் உதிர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து மனிதத் தோலிலும் அகப்பட்டது, அதுவும் முன்கை மாதிரி முடி முளைக்கும் தோலில் தாராளமாக. சி-டாக்டைல் இழை என்று பெயர்.

அகப்பட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருப்பார், கை ஒரு மெத்தையில். முடியைப் போல மெல்லிய டங்ஸ்டன் ஊசியைத் தோல் வழியாக நரம்புக்குள் செலுத்தி, ஆய்வாளர் மில்லிமீட்டரில் ஒரு பங்கு இப்படி, ஒரு பங்கு அப்படி என்று நகர்த்திக்கொண்டே இருப்பார், சில நாள் மணிக்கணக்கில். ஆயிரக்கணக்கான இழைகள் கொண்ட கட்டில் ஒரே ஒரு இழையின் துடிப்பைப் பிடிக்க வேண்டும். அகப்பட்டால் ஒலிபெருக்கியில் டக், டக், டக் என்று கேட்கும். கையைத் தூரிகையால் தடவியதும் அது படபடவென்று பொரியும், சில இழைகள் மட்டும் சற்றுத் தாமதித்துப் பொரியும். அந்தத் தாமதத்தில்தான் ஆளைக் கண்டுபிடிப்பது. விநாடிக்கு ஒரு மீட்டர்தான் நடை. தடவிய இடத்திலிருந்து ஊசி வரை வந்து சேரவே அவ்வளவு நேரம் ஆகிவிடும்.

அப்புறம் தூரிகையை ஓர் இயந்திரக் கையில் மாட்டி வேகத்தை மாற்றிப் பார்த்தார்கள். வேக இழைகள் எதிர்பார்த்தபடி நடந்துகொண்டன: தடவல் வேகமாக ஆக ஆகத் துடிப்பும் கூடியது. இந்த மெதுநடைக்காரர் அப்படி இல்லை. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை துள்ளிக் குதிக்கிறார். 30 சென்டிமீட்டராக்கினால் அடங்கிவிடுகிறார், 0.3-க்கு இறக்கினாலும் அப்படியே. எவ்வளவு இதமாக இருக்கிறது என்று அதே வேகங்களில் மனிதரிடம் மதிப்பெண் கேட்டால் அந்த வரைபடமும் இதே திமில் வடிவில் வருகிறது. 2009-ல் வந்த முடிவு. இன்னொரு சோதனையில் தடவும் பொருளைக் குளிர்வித்தும் சூடாக்கியும் பார்த்தார்கள். 18 டிகிரியும் பிடிக்கவில்லை, 42-ம் பிடிக்கவில்லை, 32 டிகிரியில் உச்சம். 32 டிகிரி என்பது என்ன? நம் தோலின் சாதாரண வெப்பம். அதாவது இன்னொரு மனிதரின் கை, நிதானமாக நகரும்போது என்னவோ, அதற்கென்றே சுருதி கூட்டிவைத்த ஒரு நரம்பு நமக்குள் இருக்கிறது!

இது எங்கே போய்ச் சேர்கிறது? நோயினால் வேக இழைகளை முற்றாக இழந்த ஒரு பெண் 2002-ல் இதைக் காட்டிக்கொடுத்தார். மூக்குக்குக் கீழே எங்கே தொட்டாலும் அவருக்குத் தெரியாது. ஆனால் முன்கையில் மெல்லிய தூரிகையை ஓட்டியபோது எங்கே, எந்தத் திசையில் என்று சொல்ல முடியாமல், ஏதோ இதமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். உள்ளங்கையில் அதுவும் இல்லை. மூளையை ஸ்கேன் செய்தால் தொடுகைக்கான வழக்கமான பகுதி அமைதியாக இருந்தது, பசி, இதயத்துடிப்பு, உள்ளுணர்வுகளைக் கவனிக்கும் இன்சுலா விழித்திருந்தது. எங்கே பட்டது என்பது ஒரு செய்தி, எப்படி இருந்தது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி.

மசாஜ் முழுவதுமே இந்த இழைதான் என்று நான் சொல்லவரவில்லை. கட்டைவிரல் ஊன்றி அழுத்துவது வேறு கணக்கு, அது உறை போர்த்திய இழைகள் வழியாகத்தான் போகிறது. குறைமாதக் குழந்தைகளிடம் 1986-ல் நடந்த ஆய்வில், தினம் மூன்று முறை 15 நிமிடம் என்று பத்து நாள் நீவி, கைகால்களை மடக்கி நீட்டிவிட்ட குழந்தைகள், ஏறக்குறைய அதே அளவு பால் குடித்தும், மற்றவர்களைவிட 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறினார்கள். அதிலும் ஓரளவு அழுத்தம் வேண்டும், மேலோட்டமாகத் தடவினால் பலன் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. மொத்தமே 40 குழந்தைகள், சின்ன ஆய்வுதான். பெரிதாகச் செய்யலாமே என்றால், காசு யார் போடுவது? மூலக்கூறுக்குக் காப்புரிமை வாங்கலாம், கையை மெதுவாக நகர்த்துவதற்கு வாங்க முடியாது. மருந்து நிறுவனம் வராது, அரசாங்கம் கொடுத்தால்தான் உண்டு. இப்படி ஒரு மாநாட்டைப் பார்த்து “இதுக்கெல்லாமா பணம்” என்று சிரிப்பவர்களிடம் எனக்கு இருக்கும் சண்டை இதுதான்: சோதிக்கப் பணம் கொடுக்காவிட்டால், நச்சு வெளியேறுகிறது என்று சொல்பவரை எதை வைத்து மறுப்பீர்கள்?

போலி மசாஜ் செய்வது எப்படி என்று ஆரம்பத்தில் கேட்டேன் அல்லவா, லேசாக நீவிவிடும் வகைக்காவது அந்த மெதுநடை இழையே ஒரு வழி காட்டுகிறது. அதே கை, அதே அறை, அதே இருபது நிமிடம். ஒரு குழுவுக்கு விநாடிக்கு 3 சென்டிமீட்டர், இன்னொன்றுக்கு 30. படுத்திருப்பவருக்கு இரண்டும் தடவல்தான், எது மருந்து எது மாவு மாத்திரை என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆய்வகத்தில் இந்த இழையைச் சோதிப்பவர்கள் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் வேகமும் அந்த 30-தான்.