கதையைப் பங்கிட்டுக்கொள்ளும் விளையாட்டு

"மாமா, அகழியில தண்ணி எவ்ளோ ஆழம்?" என்று கேட்டாள் என் அக்கா மகள். காட்பாடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்திருந்தோம். மேசைமீது பென்சிலால் வரைந்த வேலூர்க் கோட்டையின் படமும் சில பகடைகளும் கிடந்தன. ஆட்டத்தில் அது 1806 ஜூலை 9ஆம் தேதி இரவு. கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மகளுக்குத் திருமணம் முடிந்திருந்தது. விடிவதற்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழப் போகிறார்கள். அவள் ஏற்றிருந்த பாத்திரம் ஓர் அரண்மனைப் பணிப்பெண். ஒரு சிப்பாய் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தை மடியில் முடிந்துகொண்டு அவள் கோட்டையை விட்டு வெளியேற வேண்டும். "ரெண்டு ஆள் ஆழம்," என்றேன்.

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு எவ்வாறு இயங்குகிறது என்பது இந்தக் கேள்வியிலும் பதிலிலுமே அடங்கியிருக்கிறது. அகழியின் ஆழம், காவலரின் நடமாட்டம், இருட்டு, அதில் கேட்கும் ஓசை ஆகியவற்றைச் சொல்லும் உரிமை ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கு உண்டு; எங்கள் மேசையில் அது நான். அந்த அகழியில் இறங்குவதா, காவலரிடம் பேசிப் பார்ப்பதா, திரும்பிவிடுவதா என்று முடிவெடுக்கும் உரிமை ஆட்டக்காரருக்கு மட்டுமே உண்டு. "நீ பயந்துபோய்த் திரும்பி ஓடுகிறாய்" என்று கேம் மாஸ்டர் சொல்லிவிட்டால், அவர் மற்றவரின் பங்கை எடுத்துக்கொண்டவர் ஆகிறார். என் பார்வையில் இந்த விளையாட்டில் நிகழக்கூடிய மிகப் பெரிய பிழை அதுதான்.

இருவரில் எவருக்கும் உரிமையில்லாத இடமும் ஒன்று உண்டு. நீந்திக் கடக்க முடியுமா என்பது உறுதியாகத் தெரியாதபோது, அந்த ஐயத்தைப் பகடையிடம் ஒப்படைக்கிறோம். இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணும் விழுவதற்கான வாய்ப்பு 5 சதவீதம். வெல்வதற்கு எட்ட வேண்டிய எண்ணை, அதாவது கடினத்தை, 15 என்று நான் வைத்தேன். பணிப்பெண்ணின் திறமைக்கு 3 சேரும். ஆகவே பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் ஒன்பது முகங்கள், அதாவது 45 சதவீதம். அவள் சற்று யோசித்து, "கிணத்துல நீச்சல் கத்துக்கும்போது கட்டுவாங்களே, அந்த மாதிரி சமையக்கட்டுலருந்து ஒரு சுரைக்குடுக்கைய எடுத்துக் கட்டிக்கிறேன்," என்றாள். நல்ல யோசனைக்குப் பலன் இருக்க வேண்டும் என்பதால் இரண்டு பகடைகளை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இப்போது தோற்க வேண்டுமானால் இரண்டுமே பொய்க்க வேண்டும். 55 சதவீதத்தை 55 சதவீதத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 30. வெற்றி வாய்ப்பு 70 சதவீதத்தை எட்டிவிட்டது. கேம் மாஸ்டரின் உலகை ஆட்டக்காரரின் சொல் மாற்றுவதை எண்களிலேயே காணலாம்.

எல்லா ஆட்டங்களும் ஒற்றைப் பகடையை நம்புவதில்லை. நம் தாயக்கட்டையை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஒரு கட்டையின் நான்கு பக்கங்களில் 1, 2, 3 புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும் இருந்தால், இரண்டு கட்டைகள் விழுவதற்குப் பதினாறு வழிகள் உண்டு. அவற்றில் 3 விழ நான்கு வழிகள், தாயம் எனப்படும் 1 விழ இரண்டு, 6 விழ ஒன்றே ஒன்று; இரண்டும் வெறுமையாக விழுந்து 12 ஆவதற்கும் ஒன்றுதான். கட்டைகளைக் கூட்டும்போது நடுவிலுள்ள எண்கள் அடிக்கடி விழுகின்றன, ஓரத்திலுள்ளவை அரிதாகின்றன. இரண்டு ஆறுமுகப் பகடைகளைக் கூட்டும் ஆட்டங்களிலும் இதே நிலைதான். 36இல் ஆறு முறை 7 வரும், 2 ஒரே முறை வரும். அத்தகைய ஆட்டங்களில் பாத்திரத்தின் இயல்பான திறமை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்; இருபது முகப் பகடையிலோ திகைப்பு மிகுதி.

கேம் மாஸ்டர் என்ற பொறுப்பு போர்ப் பயிற்சியிலிருந்து வந்தது. ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் படை அதிகாரிகளுக்காக 1824இல் இளைய ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வெளியிட்ட போர் விளையாட்டில், இரு தரப்பின் ஆணைகளையும் வாங்கி விளைவைச் சொல்லும் நடுவர் ஒருவர் இருந்தார். விளைவைக் கணக்கிடும் அட்டவணைகளைவிட அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே மேல் என்று 1876இல் பிரஷ்யப் படை அதிகாரி வெர்டி டு வெர்னுவா வாதிட்டார். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டை வெளியிட்டபோதும் விதிநூல் ஆட்டத்தை நடத்துபவரை நடுவர் என்றே அழைத்தது. டன்ஜன் மாஸ்டர் என்ற பெயர் பின்னர் வந்தது.

வட ஆர்க்காட்டில் வளர்ந்த எனக்கு நடுவரைவிடக் கட்டியக்காரன்தான் முதலில் நினைவுக்கு வருகிறான். தெருக்கூத்தில் திரைக்குப் பின்னிருந்து வரும் ராஜாவை "தாங்கள் யார்?" என்று கேட்டு அவர் வாயாலேயே அவர் கதையைச் சொல்ல வைப்பவன் அவன், சேவகனாகவும் ஊர்மக்களாகவும் அவனே மாறுவான். கேம் மாஸ்டரின் வேலையிலும் பெரும்பகுதி இப்படிக் கேட்பதுதான். ஆனால் கூத்தில் துரியோதனன் விழுவான் என்பது விடிய விடிய உட்கார்ந்திருக்கும் அனைவருக்கும் தெரியும். எங்கள் மேசையிலும் கிளர்ச்சி அன்றே ஒடுக்கப்படும் என்பது தெரிந்ததே. அந்தப் பணிப்பெண்ணுக்கு என்ன ஆகும் என்பது மட்டும் எனக்கே தெரியாது. தெரிந்துவைத்துக்கொண்டு நடத்தினால் பகடைக்கு அங்கே வேலையில்லை.

அவள் உருட்டினாள்: 6, 9. இரண்டுமே போதவில்லை. மூழ்கிப்போனாள் என்று சொல்லியிருந்தால் ஆட்டம் அங்கேயே நின்றிருக்கும். தோல்வி அடுத்த சிக்கலுக்கு வழிவிட வேண்டும் என்பதால், குடுக்கையின் கயிறு அறுந்தது, கரை சேர்ந்துவிட்டாள், ஆனால் மடியிலிருந்த கடிதம் நீரோடு போய்விட்டது என்றேன். முகம் தெரியாத பெண்ணின் வாய்ச்சொல்லை அந்தத் தாய் எப்படி நம்புவாள்? அதற்கு விடை என்னிடம் இல்லை. சிப்பாயாக ஆடிக்கொண்டிருந்த என் தம்பிதான் மெதுவாகச் சொன்னான்: "சின்ன வயசுல பாலாத்து மணல்ல ஊத்து தோண்டும்போது மண்ணு சரிஞ்சு நான் உள்ள மாட்டிக்கிட்டேன். அம்மாதான் கையால பறிச்சு எடுத்தாங்க. அது எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். கடிதம் கொடுக்கும்போது இவகிட்டயும் சொல்லியிருக்கேன்." பாத்திரத்தின் கடந்த காலம் ஆட்டக்காரருக்கு உரியது. நான் அதை அப்படியே குறித்துக்கொண்டேன்.