மகளுக்கு 6ஆம் தரத்தில் ஊசி, தாய்க்கு 35 வயதில் பரிசோதனை

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க இலங்கை அரசாங்கம் இரண்டு சேவைகளை இலவசமாகத் தருகிறது. ஒன்று, 6ஆம் தரத்தில் படிக்கும் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடும், எச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி. மற்றது, 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களுக்குச் செய்யும் பப் பரிசோதனை, அதாவது கருப்பைக் கழுத்தில் தடவி எடுத்த கலங்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது. முதலாவதைப் பற்றி மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இப்போது பலருக்கும் தெரியும். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் பல வீடுகளில் பேச்சே இல்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊசித் திட்டம் தொடங்கியது 2017இல். அப்போது 6ஆம் தரத்தில் இருந்த பிள்ளைக்கு வயது பத்து, பதினொன்று. அதற்கு முன்னர் அந்த வகுப்பைக் கடந்தவர்களுக்குப் பாடசாலையில் இந்த ஊசி கிடைக்கவில்லை. அதாவது இன்றைய தாய்மார், மாமிமார், பெரியம்மாமார் யாருக்கும் இல்லை. அவர்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கும் பாதுகாப்பு அந்தப் பரிசோதனைதான்.

எச்.பி.வி. என்பது மனித பப்பிலோமா வைரஸ். அதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை பெரிய தீங்கு செய்வதில்லை. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டும் உலகில் வரும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணம். உடலுறவின் வழியாகத் தொற்றும். மணவாழ்க்கையில் இருக்கும் ஆண், பெண் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துபோகும் தொற்று இது. வந்த பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்குப் போகாமல் தங்கிவிடும். தங்கினால் கருப்பைக் கழுத்தின் கலங்கள் மெல்ல மெல்ல மாறும். அது புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருடம் எடுக்கும். எச்.ஐ.வி. போன்றவற்றால் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே வரலாம். இந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. மாற்றத்தை அதற்குள் கண்டுபிடித்தால் புற்றுநோய் வரவே விடாமல் செய்யலாம்.

குடும்பங்களுக்குள் சண்டை வரும் ஒரு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணுக்கு இந்தத் தொற்று இருப்பதாகத் தெரிந்தால் உடனே அவள்மீதோ கணவன்மீதோ சந்தேகப்படக் கூடாது. எந்த அறிகுறியும் காட்டாமல் வருடக்கணக்கில் உடம்பில் இருக்கக்கூடிய வைரஸ் இது. எப்போது வந்தது, யாரால் வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது.

சனத்துக்குச் சனம் இந்தத் தொற்றின் அளவு வேறுபடும். உலகில் பப் பரிசோதனையில் கலங்கள் சாதாரணமாக இருக்கும் பெண்களை எடுத்தால் 100 பேரில் 11, 12 பேருக்கு இந்தத் தொற்று இருக்கிறது. ஆபிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கே அது இரண்டு மடங்கு. நம் நாட்டில் கம்பஹா மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வில் 100க்கு 3 பேர் அளவில்தான். அப்போ நமக்குப் பயமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். தொற்று குறைவாக இருந்தாலும், பரிசோதனை செய்யாத இடத்தில் நோய் முற்றிய பிறகுதான் தெரியவரும். 2022இல் உலகம் முழுவதும் 3,50,000 பெண்கள் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள். அதில் 94 சதவீதம் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில். அங்கே ஊசியும் பரிசோதனையும் எல்லாப் பெண்களுக்கும் போய்ச் சேராததுதான் முக்கிய காரணம்.

சரி, ஊசிக்கு வருவோம். திட்டம் தொடங்கியபோது ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்று வகுத்தார்கள். 9 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு ஊசியும் போதிய பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 இறுதியில் சொன்னது. உங்கள் பிள்ளைக்கு எத்தனை என்பதை உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதுதான் நம் மிட்வைஃப் மிஸ்ஸிடம், கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி நாளில் பிள்ளை பாடசாலைக்குப் போகாவிட்டால் விட்டுவிட வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்க் கேளுங்கள். இரண்டாவது ஊசி பிந்தினாலும் முதலாவதை மறுபடி போடத் தேவையில்லை. போட்ட திகதியைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். பின்னால் வெளிநாட்டுப் படிப்புக்குப் போகும்போதும் அது உதவும்.

"பெரிய பிள்ளையாகக்கூட இல்லை, அதற்குள் ஏன்?" என்று கேட்கும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். வைரஸைச் சந்திப்பதற்கு வருடங்களுக்கு முன்னரே போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும். வந்துவிட்ட தொற்றை அது குணமாக்காது. அந்த வயதில் உடம்பும் நன்றாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். பிள்ளை பெறுவதைப் பாதிக்கும் என்ற கதை நம் பக்கம் அடிக்கடி உலாவுகிறது. தமிழ் ஊரிலும் கேட்டிருக்கிறேன், முஸ்லிம் ஊரிலும் கேட்டிருக்கிறேன். உலகில் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்டாயிற்று, அப்படி ஒரு பாதிப்பும் காணப்படவில்லை. ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. வைரஸின் வெளி உறையைப் போன்ற புரதம் மட்டும்தான். அவுஸ்திரேலியா 2007இலிருந்து போடுகிறது, மலேசியா 2010இலிருந்து பாடசாலைகளில் போடுகிறது. போட்ட இடத்தில் நோவு, லேசான காய்ச்சல் வரலாம். சில பிள்ளைகள் பயத்தில் மயங்கிவிடுவார்கள். அதனால் காலையில் ஏதாவது சாப்பிடக் கொடுத்து அனுப்புங்கள். ஊசி போட்டதும் பதினைந்து நிமிடம் உட்கார வைப்பார்கள்.

இனி தாய்மாருக்கானது. வெல் வுமன் கிளினிக் என்ற மகளிர் நலக் கிளினிக் 1996இலிருந்து நம் நாட்டில் நடக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் நாள் குறித்து நடத்துவார்கள். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மாவட்டம் அம்பாறையாக இருந்தாலும் உங்கள் சுகாதாரப் பிரிவுகள் கல்முனைப் பிராந்தியப் பணிமனையின் கீழ் வருகின்றன.

போன வருடம் எங்கள் ஊர்க் கிளினிக் வாசலில் கேட்ட பேச்சு இது.

"மிஸ், எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, நான் ஏன் வரணும்?"

"வருத்தம் வராம இருக்கத்தான் அக்கா கூப்பிடுறன்."

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பலர் போகத் தயங்குகிறார்கள். திரை மறைவில் கட்டிலில் படுக்க வைப்பார்கள். ஒரு சின்னக் கருவியால் வழியை விரித்து, ஐஸ்பழக் குச்சி மாதிரியான மெல்லிய மரக்குச்சியால் கருப்பைக் கழுத்தை ஒரு சுற்றுத் தடவி எடுப்பார்கள். அதைக் கண்ணாடித் துண்டில் பூசி, உங்கள் இலக்கம் எழுதி, ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெட்டுக் கிடையாது, தையல் கிடையாது. கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், அவ்வளவுதான். ஆண் வைத்தியர் இருப்பாரோ என்று கூச்சமாக இருந்தால் பெண் ஒருவர் செய்யும் நாளை மிட்வைஃபிடம் முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை. மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். முந்தைய இரண்டு நாள் உடலுறவையும் உள்ளே வைக்கும் மருந்துகளையும் தவிர்க்க வேண்டும். அதே கிளினிக்கில் இரத்த அழுத்தம், சீனி, மார்பகம் எல்லாம் பார்ப்பார்கள்.

35 என்றால் 35 மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். நம் பகுதியில் எத்தனையோ பெண்கள் அந்த வயதில் சவூதியிலோ கட்டாரிலோ வீட்டு வேலையில் இருக்கிறார்கள். திரும்பி வரும்போது 38, 41 ஆகிவிடும். அப்போது போனாலும் செய்வார்கள். படுவான்கரையில் கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் சம்பளம். அது எனக்குத் தெரியும். அதனாலேயே வேலை குறைந்த மாதத்தில் வரும் கிளினிக் திகதியை இப்போதே கேட்டு வைக்கச் சொல்கிறேன்.

உடலுறவுக்குப் பின் இரத்தம், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் இரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம், கெட்ட வாடையோடு நீர் போதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். என் சின்னம்மாவுக்கு மாதவிடாய் நின்று நான்கு வருடம் கழித்து இரத்தம் பட்டது. உடுப்பைத் தானே தனியாகத் துவைத்து, ஒரு வருடம் யாருக்கும் சொல்லவில்லை. மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டு போனபோது நோய் முற்றியிருந்தது. இப்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது.

பரிசோதனை முடிவு வரச் சில வாரம் எடுக்கும். கலங்களில் மாற்றம் இருந்தால் வைத்தியசாலைக்கு அனுப்பி, உருப்பெருக்கும் கருவியால் பார்த்து, மாறிய பகுதியை மட்டும் அகற்றுவார்கள். பெரும்பாலும் கருப்பையை எடுக்கத் தேவை வராது. முடிவு வராவிட்டால் ஒன்றும் இல்லை என்று நீங்களே முடிவெடுக்காதீர்கள். கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு போய் அந்த இலக்கத்துக்கு என்ன வந்தது என்று கேளுங்கள்.