கேப்: கவிகைத் திறப்பு

குளிர்நாட்டு இலையுதிர் காடுகளைப் பற்றிப் படிக்கிறவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் 'கேப்'. முழுப்பெயர் 'கேனொபி கேப்'. காட்டின் மேல்தளத்தில் நின்ற ஒரு பெரிய மரமோ நாலைந்து மரங்களோ பட்டு விழும்போது மேலே ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையும், அதன் வழியே வெளிச்சம் இறங்கும் தரையும் சேர்ந்ததுதான் கேப்.

'கேப்' பழைய நார்ஸ் என்ற ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பெரும்பிளவு என்று பொருள். வாயைப் பிளப்பதைச் சொல்லும் வினையோடு உறவுள்ளது. 'கேனொபி'யின் கதை இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் 'கோனோப்ஸ்' என்றால் கொசு. அதிலிருந்து கொசுவலை கட்டிய கட்டிலுக்குப் பெயர் வந்து, லத்தீன் வழியாகப் பரவி, மேற்கட்டியாகி, கடைசியில் காட்டின் கூரையாகிவிட்டது. காட்டின் வாழ்க்கைச் சுற்றில் கேப்பும் ஒரு கட்டம் என்று நிலைநாட்டியவர் பிரிட்டிஷ் சூழலியலாளர் ஏ. எஸ். வாட்; ஆண்டு 1947.

தமிழில் பெரும்பாலும் 'இடைவெளி' என்றே எழுதுகிறோம். ஆனால் இரண்டு மரங்களுக்கு நடுவே எப்போதும் இருக்கிற வெளியும் இடைவெளிதானே? இங்கே சொல்ல வேண்டியது ஒரு நிகழ்ச்சியை: மூடியிருந்தது திறந்துகொள்கிறது. அதனால் 'திறப்பு' பொருந்துகிறது. கேனொபிக்கு 'விதானம்' ஏற்கெனவே வழக்கில் ஊன்றிவிட்டது, தவறில்லை. இருந்தாலும் குடையைக் குறிக்கும் பழைய சொல்லான 'கவிகை' எனக்குப் பிடித்தது. கவிந்து நிற்பது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது.

சரி, ஒரு திறப்பில் அப்படி என்ன நடக்கிறது? வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு பரப்பு இப்படித் திறக்கிறது. திறப்பு சிறியதென்றால் பக்கத்து மரங்களே கிளை நீட்டி அடைத்துவிடும். இல்லாவிட்டால், நிழலில் பல பத்தாண்டுகள் குட்டையாகவே நிற்கும் பீச், சர்க்கரை மேப்பிள் கன்றுகள் சட்டென்று மேலே கிளம்பும். இவற்றைக் 'காத்திருப்புக் கன்றுகள்' எனலாம். ஒரே திறப்பில் அவை உச்சியை எட்டிவிடுவது அரிது. மேலே மூடிக்கொண்டால் மறுபடி காத்திருக்கும். டியூலிப் மரத்துக்கு இது போதாது, அகலமான திறப்பு வேண்டும். 'பின் செர்ரி' என்ற மரமோ விதையாக மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடந்து, பெருந்திறப்பு விழுந்ததும் முளைக்கும். இத்தனை மரங்கள் ஒரே காட்டில் சேர்ந்து வாழ்வதற்குத் திறப்புகள் ஒரே அளவில் விழாததும் ஒரு காரணம்.

அளவு மட்டுமல்ல, மரம் எப்படிச் செத்தது என்பதும் முக்கியம். நின்றபடியே பட்டால் வெளிச்சம் மெல்ல இறங்கும், மண் கலையாது. வேரோடு சாய்ந்தால் ஒரு குழியும் மண்மேடும் மிஞ்சும். மஞ்சள் பிர்ச்சுக்கு அந்த மேடுதான் பிழைப்பு. அதன் விதை மிகச் சிறியது. இலைச்சருகின் மேல் விழுந்தால் முளைவேர் சருகைத் துளைத்து மண்ணைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். சருகு தங்காத மேட்டிலோ, பாசி பிடித்து மக்கும் அடிமரத்தின் மேலோ விழுந்தால் பிழைத்துக்கொள்ளும். அப்புறம் அந்த அடிமரம் முழுக்க மக்கிப்போகும்போது, அதைக் கவ்வியிருந்த வேர்கள் கால் ஊன்றியதுபோல் தரைக்கு மேலே தெரியும். கிழட்டுப் பிர்ச் ஒன்று வேர்க்கால்களில் நின்றால், அது எங்கே முளைத்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

திறப்பு விழுந்தாலும் பலிக்காத இடங்களும் உண்டு. ஜப்பானின் பீச் காடுகள் பலவற்றில் சசா என்ற குட்டை மூங்கில் தரையை அடைத்து நிற்கிறது. மேலிருந்து வரும் வெளிச்சத்தை அதுவே வாங்கிக்கொள்வதால் பீச் கன்று எழ முடியாது. நெடுங்காலத்துக்கு ஒருமுறை சசா கூட்டமாகப் பூத்து, ஒன்றாகவே பட்டுப்போகும். அது மறுபடி அடர்வதற்கு முன் கிடைக்கும் சில ஆண்டுகளில் மேலேயும் திறப்பு இருந்தால், பீச் கன்றுகள் தலையெடுக்கும்.