நிரந்தர விலாசம் இல்லாவிட்டாலும் நீதிமன்றம் போகலாம்

2006இல் போரால் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரை விட்டு வெளியேறிய குடும்பங்கள் கிளிவெட்டி போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளின. இப்படி அலைந்த குடும்பங்களில் வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்கு முதலில் வரும் பயம், "எனக்கென்று ஒரு விலாசம் இல்லையே, பதிவுத்திருமணமும் இல்லையே" என்பதுதான். நீதிமன்றம் போக இரண்டும் தடையல்ல.

இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம். மூதூரில் அடிபட்டவர் திருகோணமலை நகரில் அக்கா வீட்டில் இருந்தால், நகர நீதிமன்றமே போதும். கணவர் மட்டுமல்ல, முன்னாள் கணவர், பதிவின்றிச் சேர்ந்து வாழ்ந்தவர், தகப்பன், சகோதரன் மீதும் பாதுகாப்புக் கட்டளை, அதாவது துன்புறுத்தக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு, கேட்கலாம். முஸ்லிம் பெண்களுக்கும் இது பொருந்தும். முஸ்லிம் திருமணம், விவாகரத்தைப் பார்க்கும் காதி நீதிமன்ற விடயம் வேறு, இது வேறு.

உடனடி ஆபத்து இருந்தால் இடைக்காலக் கட்டளை கிடைக்கும், அது 14 நாட்களுக்கு. அதற்குள் விசாரணை. பாதுகாப்புக் கட்டளை கூடியது 12 மாதம். மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

காரியம் கெடுவது பெரும்பாலும் பொலிஸ் நிலைய மேசையில்தான். முறைப்பாடு "குடும்பத் தகராறு" என்று பதிவாகிறது. "இனி அடிக்கமாட்டேன்" என்று ஒரு கையெழுத்தோடு இருவரையும் ஒன்றாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கடதாசிக்கு நீதிமன்றக் கட்டளையின் பலம் கிடையாது. அடித்த நாள், நேரம், எந்தப் பொருளால் அடித்தார், யார் கண்டார்கள் என்பவற்றைத் தமிழிலேயே சொல்லுங்கள். விளங்காத மொழியில் எழுதியதில் கையொப்பம் வைக்க வேண்டாம், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காயம் ஆறுவதற்கு முன்பே வைத்தியசாலைக்குப் போய், காயங்களை நீதிமன்றத்துக்காகப் பதியும் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டக் கேட்க வேண்டும். தயங்கி ஒரு கிழமை போனால் கண்டல் மறைந்துவிடும்.

மாதர் சங்கத்தில் அல்லது முகாமில் உதவிக்கு நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வேலை சமாதானம் பேசுவதல்ல. பெண்ணின் கதையை ஒருவர் மட்டும் கேட்டு எழுதினால் போதும். நாலு பேர் முன் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதும் கொடுமைதான். அவர் ஒளிந்திருக்கும் வீட்டு விலாசத்தை மனுவில் போடுவதற்கு முன் சட்டத்தரணியிடம் கேளுங்கள், மனுவில் எழுதுவது எதிர்த்தரப்பின் கைக்கும் போகும். எதிர்மனுதாரரின், அதாவது யார் மீது மனுவோ அவரின், விலாசமோ சரியாக இருக்க வேண்டும். "முகாமுக்குப் பின்னால்" என்று எழுதினால் அழைப்பாணை சேராமல் வழக்குத் தவணை தள்ளிப்போகும். பஸ் காசும், பிள்ளையைப் பார்க்க ஓர் ஆளும் இல்லாததாலேயே தவணைக்கு வராமல் போகிறவர்கள் உண்டு. அதை முதல் நாளே ஒழுங்கு செய்யுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929. கட்டளை கிடைத்ததும் ஒரு பிரதியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அச்சுறுத்தல் நீடித்தால், 12 மாதம் முடிவதற்கு முன்பே நீடிப்புக் கோரி மனுக் கொடுக்க வேண்டும்.