மாங்கனீசு எந்த வழியாக மூளைக்குப் போகிறது?

பின்னோக்கி நாலடி நடக்கச் சொன்னதும் அவர் சரிந்துவிட்டார். நாற்பது வயதைக் கடந்த அந்த வெல்டிங் தொழிலாளி, பார்க்கின்சன் நோய் என்ற பெயரில் ஓராண்டுக்கும் மேலாக டோபமைனை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை சாப்பிட்டும் பலன் தெரியாமல் என்னிடம் வந்திருந்தார். ஓய்வாக இருக்கும்போது கையில் நடுக்கம் இல்லை. குதிகால் தரையில் படாமல், முன்பாதத்தை ஊன்றிச் சேவலைப் போல நடந்தார். சாதுவாக இருந்தவர் இப்போது எதற்கென்று தெரியாமல் கோபப்படுகிறார், சில நேரம் தானாகச் சிரிக்கிறார் என்று மனைவி சொன்னார். மூடிய தொட்டிகளுக்குள் இறங்கிப் பல ஆண்டுகள் பற்றவைப்பு வேலை செய்ததை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். அதற்கு முன் எவரும் அவருடைய தொழிலைப் பற்றி விசாரிக்கவில்லை. வெல்டிங் புகையோடு உள்ளே போன மாங்கனீசு என்ற உலோகம்தான் அவர் மூளையைப் பாதித்திருந்தது.

மாங்கனீசு இல்லாமல் மூளை இயங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகும் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளை முறிக்கும் நொதிக்கும், நரம்பணுக்களைச் சுற்றியுள்ள துணைச் செல்களில் குளுட்டமேட்டைக் குளுட்டமினாக மாற்றும் நொதிக்கும் இந்த உலோகம் தேவை. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.3 மில்லிகிராமும் பெண்ணுக்கு 1.8 மில்லிகிராமும் போதும். முழுத்தானியங்கள், பருப்புகள், கொட்டைகள், கீரைகள், தேநீர் ஆகியவற்றிலிருந்தே இது கிடைத்துவிடுகிறது. மாங்கனீசுக் குறைபாடு மிக அரிது என்பதால், காரணமின்றி இதற்கென மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதை நான் ஆதரிப்பதில்லை.

உணவில் வரும் மாங்கனீசில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவாகவே குடல் உறிஞ்சுகிறது. அதிலும் மிகுதியைக் கல்லீரல் பித்தநீரோடு சேர்த்து வெளியேற்றிவிடுகிறது. ஆனால் வெல்டிங் புகையிலும் தாதுத் தூசியிலும் உள்ள நுண்துகள்கள் நுரையீரல் வழியாக நேரே ரத்தத்தில் கலப்பதால், கல்லீரல் தடுத்து நிறுத்துவதற்கு முன்பே மூளையை எட்டுகின்றன. மூக்கின் முகர்வு நரம்பு வழியாகவும் மாங்கனீசு மூளைக்குள் புகக்கூடும் என்பதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. எவ்வளவு சேர்ந்தது என்பதைப் போலவே எந்த வழியாகச் சேர்ந்தது என்பதும் முக்கியம்.

மாங்கனீசுத் தாதுவை அரைத்த தொழிலாளர்களுக்குக் கைகால் செயலிழந்ததை ஸ்காட்லாந்து மருத்துவர் கூப்பர் 1837ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். சிலி நாட்டுச் சுரங்கங்களில் இதன் தொடக்கநிலை மனக்குழப்பத்துக்கு 'மாங்கனீசுப் பைத்தியம்' என்றே பெயர் இருந்தது. தூக்கமின்மை, எரிச்சல், காரணமற்ற சிரிப்பு ஆகியவை நடை கெடுவதற்கு முன்பே தலைகாட்டலாம் என்பதை இன்றும் பலர் கவனிப்பதில்லை. மூளையின் ஆழத்தில், அசைவுகளைச் சீராக்கும் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியில்தான் இந்த உலோகம் அதிகம் படிகிறது. பார்க்கின்சன் நோயில் அழியும் டோபமைன் செல்கள் இதில் பெரும்பாலும் தப்பிவிட, அந்த டோபமைனைப் பெறும் அடுத்த கட்டச் செல்கள் பழுதாகின்றன. லெவோடோபா இங்கே பயன் தராமல் போவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

புகைக்கு அருகிலேயே போகாதவர்களுக்கும் ஆபத்து உண்டு. கல்லீரல் சுருங்கியவர்களுக்கும் பித்தநாளம் அடைபட்டவர்களுக்கும் மாங்கனீசு சரியாக வெளியேறுவதில்லை; நீண்ட நாள் ரத்தக்குழாய் வழியாக மட்டுமே ஊட்டம் பெறுபவர்களுக்கு அது குடலின் தடையைத் தாண்டி நேரே ரத்தத்தில் சேர்கிறது. செல்லிலிருந்து மாங்கனீசை வெளியேற்றும் புரதத்துக்கான மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள்; 2012ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இந்தக் கோளாறை, உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தாலும் இரும்புச்சத்தாலும் கட்டுப்படுத்த முடியும் என்பதால் விரைவாகக் கண்டுபிடிப்பது அவசியம். இரும்பும் மாங்கனீசும் குடலில் ஒரே கடத்தியைப் பகிர்ந்துகொள்கின்றன; ரத்தசோகை உள்ளவரின் உடல் மாங்கனீசைக் கூடுதலாக உறிஞ்சுவது இதனால்தான். பித்தநீர் வழி வெளியேற்றம் முழுமை பெறாத கைக்குழந்தைகளைக் கருதி, குடிநீரில் லிட்டருக்கு 0.08 மில்லிகிராம் என்ற தற்காலிக வரம்பை உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. ஆழ்துளைக் கிணற்று நீரில் பால்பவுடர் கலக்கும் பெற்றோர் அந்நீரை ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. கொதிக்கவைப்பதால் மாங்கனீசு நீங்காது.

வெல்டிங், உருக்காலை, பேட்டரி, தாது அரைக்கும் வேலை செய்பவர்கள் மருத்துவரிடம் தொழிலைத் தாமாகவே சொல்லிவிட வேண்டும். துணியை முகத்தில் கட்டிக்கொள்வது புகையின் நுண்துகள்களைத் தடுக்காது. புகை கிளம்பும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பும், உலோகப் புகைக்கான சுவாசக் கவசமும் வேண்டும். ரத்தத்தில் மாங்கனீசு விரைவாகக் குறைந்துவிடுவதால், பழைய பாதிப்பை அந்தப் பரிசோதனை காட்டாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் குளோபஸ் பாலிடஸ் வெண்மையாகத் தெரிவது நல்ல தடயம் என்றாலும், புகையிலிருந்து விலகிய சில மாதங்களில் அதுவும் மங்கிவிடும்.

அந்த வெல்டிங் தொழிலாளி வேலையை விட்டுவிட்டார். கோபம் தணிந்தது; இரவில் தூங்கினார். அடுத்த ஆண்டு எடுத்த படத்தில் வெண்மை அறவே மறைந்திருந்தது. நடை மட்டும் மாறவில்லை.