நீர்புகாக் காலணிக்குள் கால் நனைவது ஏன்?

மேகாலயத்தின் சிரபுஞ்சியில் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மழையைப் பார்ப்பதற்கென்றே அந்த மாதங்களில் அங்கே போகிறவர்கள், ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று பெட்டியில் அச்சிட்ட விலை உயர்ந்த மலையேற்றக் காலணியை வாங்கிக்கொண்டு போவதும், அங்கே போய்க் காலுறையைப் பிழிந்தபடி கடைக்காரரைத் திட்டுவதும் உண்டு. கடைக்காரர் பெரும்பாலும் பொய் சொல்லியிருக்க மாட்டார். அந்தக் காலணி எந்த வானிலைக்காக வடிவமைக்கப்பட்டது என்பதை அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

இவ்வகைக் காலணிகளில் மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே, ஒரு காலுறையின் வடிவில் மெல்லிய படலம் ஒன்று வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். இவற்றில் பெயர்பெற்ற கோர்-டெக்ஸ் படலத்துக்கு நெடுங்காலம் மூலப்பொருளாக இருந்தது, தோசைக்கல்லில் ஒட்டாமல் இருப்பதற்காகப் பூசப்படும் அதே டெஃப்லான்தான். 1969இல் அமெரிக்காவைச் சேர்ந்த ராபர்ட் கோர், சூடேற்றிய டெஃப்லான் தண்டுகளை மெதுவாக இழுத்து நீட்டப் பார்த்தார். அவை அறுந்துகொண்டே இருந்தன. சட்டென்று வெடுக்கென இழுத்தபோது, அறுபடாமல் பல மடங்கு நீண்டதோடு, உள்ளே கணக்கற்ற நுண்துளைகளும் உருவாகியிருந்தன. அந்தத் துளை ஒவ்வொன்றும் நீர்த்துளியைவிடச் சுமார் 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூற்றைவிடச் சுமார் 700 மடங்கு பெரியது என்பது கோர்-டெக்ஸைத் தயாரிக்கும் நிறுவனம் தரும் கணக்கு. நீரை ஒட்டவிடாத பொருளில் இவ்வளவு சிறிய துளை இருந்தால், நீரின் பரப்பு இழுவிசையே அதன் வாயை அடைத்துவிடும். பெரும் அழுத்தம் கொடுத்தாலொழியத் திரவ நீர் நுழையாது. தனித்தனி மூலக்கூறுகளாகப் பறக்கும் வியர்வை ஆவிக்கு அந்தத் தடை இல்லை.

ஆனால் ஆவியை வெளியே தள்ளுவதற்குப் படலத்திடம் எந்த விசையும் கிடையாது. உள்ளே இருக்கும் ஆவியழுத்தம் (காற்றில் கலந்த நீராவி தரும் அழுத்தம்) வெளியில் இருப்பதைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே ஆவி நகரும். நடந்துகொண்டிருக்கும் ஒருவரின் காலணிக்குள் வெப்பம் ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ் என்றும், காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டது என்றும் கொண்டால், அங்கே ஆவியழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல். வெளியே 5 டிகிரிக் குளிரில் மழை பெய்யும்போது, ஈரப்பதம் 90 விழுக்காடாக இருந்தாலும் வெளிக்காற்றின் ஆவியழுத்தம் 0.8 கிலோபாஸ்கல்தான், வேறுபாடு 4.2. அதே காலணி 28 டிகிரி வெப்பமும் 95 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பள்ளத்தாக்கில் இறங்கினால் வெளி அழுத்தம் 3.6 ஆகி, வேறுபாடு 1.4ஆகச் சுருங்கிவிடுகிறது. வியர்வையோ குளிரில் சுரந்ததைவிட அதிகமாகச் சுரக்கும். அது வெளியேற வழி மூன்றில் ஒரு பங்குதான். இரு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் இருப்பதை நினைத்தால், காலுறை மழையில்லாமலே நனைவதில் வியப்பில்லை.

இதோடு மேல்துணியின் சிக்கலும் சேர்கிறது. புதுக் காலணியின் மேல் விழும் நீர், தாமரை இலையில் விழுந்தது போல உருண்டு ஓடும். அது படலத்தின் வேலையல்ல, மேல்துணிக்குப் போட்ட நீர்விலக்கிப் பூச்சின் வேலை. சேறும் உரசலும் அந்தப் பூச்சைச் சில வாரங்களிலேயே தேய்த்துவிடும். பிறகு மேல்துணி நீரைக் குடித்துப் படலத்தின் வெளிப்பக்கத்தை மூடிக்கொள்வதால், கொஞ்சநஞ்சம் வெளியேறிக்கொண்டிருந்த ஆவியும் நின்றுபோகும். படலம் கிழியாமலே ‘ஒழுகுகிறது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மேலும், பெருமழையில் நீர் காலணியைத் துளைத்து வர வேண்டிய தேவையே இல்லை: நனைந்த கால்சட்டையும் காலுறையும் திரி போல உறிஞ்சி உள்ளே இறக்கும், ஓடையில் ஓர் அடி ஆழமாக வைத்தால் மேல்வாய் வழியாகவே நிரம்பும். அப்படிப் புகுந்த நீரை வெளியே விடாமல் காப்பதிலும் அதே படலம் குறை வைக்காது.

ஆகவே வெப்பமான மழைநாட்டுக்கு என் தேர்வு இரண்டில் ஒன்று. நாள் முழுதும் நடப்பதற்கு, படலம் இல்லாத, வலைத்துணியால் ஆன எடை குறைந்த காலணி. அது உடனே நனையும், ஆனால் ஒவ்வோர் அடியிலும் நீரைப் பிழிந்து வெளியேற்றி, மழை விட்டதும் விரைவில் உலரத் தொடங்கும். சேற்றிலும் அட்டைக்கடியிலும் மணிக்கணக்கில் நின்று வேலை செய்வதற்கு, முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட்ஸ். வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் காணக் கிடைக்கும் இதில் காற்றுப் புகும் துளையே இல்லை. இருந்தும் குழாய் தளர்வாக இருப்பதால், நடக்கும்போது கால் உள்ளிருக்கும் காற்றைச் சற்றே மேலே தள்ளி மாற்றிக்கொள்கிறது. கடுங்குளிரில் கால் நனைவது ஆபத்து என்பதால், இமயத்தின் உயரங்களுக்கும் பனிப்பிரதேசங்களுக்கும் படலக் காலணியே சரி.

பகலில் நனைந்த கால் இரவிலாவது உலர வேண்டும். நெடுநேரம் ஊறிய தோல் வெளுத்துச் சுருங்கி, எளிதில் உரிந்து, விரலிடுக்கில் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். சேற்றுப்புண் அப்படித்தான் தொடங்குகிறது. கம்பளிக் காலுறை தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈரத்தை வாங்கியும் சொதசொதப்பைக் காட்டாது என்பதால், பருத்தியைவிட அது மேல். இரவுக்கென ஓர் இணைக் காலுறையைப் பாலித்தீன் பையில் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். காலணியின் உள்ளடியை உருவிவிட்டு, பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் பாதி ஈரம் அதிலேயே இறங்கிவிடும். அடுப்பருகே வைத்தால் பசை இளகும்.

நீர்புகாமையைவிட முக்கியமானது அடிப்பிடிப்பு. சிரபுஞ்சிக்கு அருகே நோங்ரியாட் கிராமத்தில், உயிருள்ள மரவேர்களைப் பின்னி வளர்த்த வேர்ப்பாலங்களுக்கு இறங்கும் 3,000க்கும் மேற்பட்ட படிகள் மழைக்காலத்தில் பாசி படிந்து கிடக்கும். ஆழமான பற்கள் கொண்ட அடி சேற்றில் நன்றாக ஊன்றும். ஆனால் வழவழப்பான ஈரக்கல்லில் கல்லைத் தொடும் பரப்பு குறைந்து வழுக்கும். அங்கே மென்மையான ரப்பரும் நெருக்கமான சிறு வெட்டுகளும் உதவும். பாசி மேல் எந்த ரப்பரும் நம்பத்தக்கதல்ல. ரப்பருக்குக் கல்லே எட்டுவதில்லை.

கடைசியாக, அலமாரியில் சில ஆண்டுகளாகக் கிடக்கும் நல்ல காலணியை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு. பல மலையேற்றக் காலணிகளின் நடு அடி, அதாவது தரையைத் தொடும் அடிக்கு மேலே இருக்கும் மெத்தை போன்ற அடுக்கு, பாலியூரித்தேன் நுரையால் ஆனது. அவ்வகை நுரைகள் பலவற்றில் மூலக்கூறுகளைக் கோத்து வைத்திருக்கும் எஸ்டர் எனும் வேதிப் பிணைப்புகளைக் காற்றின் ஈரமே சிறுகச் சிறுக அறுத்துவிடும். காலணியைப் போடாமல் வைத்திருப்பதால் அது தப்பாது. வெளியிலிருந்து பார்த்தால் புதிது போலவே இருக்கும், நடக்கத் தொடங்கிய சில மணிநேரத்தில் அடி முழுதாகக் கழன்று விழும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே கட்டைவிரலால் நடு அடியை அழுத்திப் பாருங்கள்: நெருங்கிய கீறல்கள் தெரிந்தாலோ, துகள் உதிர்ந்தாலோ, அதைப் பசை போட்டு ஒட்ட முயல வேண்டாம்; உதிரும் நுரையில் எந்தப் பசைக்கும் பிடிமானம் கிடைக்காது.