பராமரிப்பு இரவில் எந்த அலர்ட்டை நிறுத்துவது, எதை விட்டுவைப்பது

சர்வர் வேலை நடக்கும் இரவில், சர்வர்களைக் கண்காணிக்கும் மானிட்டரிங் மென்பொருளின் எச்சரிக்கைகள் (அலர்ட்) வரும் வாட்ஸ்அப் குழுவில் பத்து நிமிடத்துக்குள் நூறு செய்தி வந்து விழுந்தால், குழுவில் இருப்பவர் முதலில் செய்வது அந்தக் குழுவை மியூட் செய்வதுதான். வாட்ஸ்அப் கேட்கும்: 8 மணி நேரமா, 1 வாரமா, எப்போதுமா? தூக்கக் கலக்கத்தில் விரல் 'எப்போதும்' மேல் விழுந்துவிடும். அந்த மியூட் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. மானிட்டரிங் திரையில் தெரியாது, தானாக முடியவும் முடியாது. இரண்டு வாரம் கழித்து உண்மையிலேயே டிஸ்க் நிரம்பும்போது செய்தி போய்ச் சேரும், பார்க்கத்தான் ஆள் இருக்காது.

அதனால் திட்டமிட்ட வேலைக்கான அலர்ட்டை மானிட்டரிங் மென்பொருளுக்குள்ளேயே, வேலை தொடங்குமுன், போட்டவர் பெயரும் காரணமும் முடியும் நேரமும் எழுதி நிறுத்திவைக்க வேண்டும். நாம் அங்கே செய்யாததை ஆட்கள் தங்கள் போனில் செய்துகொள்வார்கள்.

எதை நிறுத்துவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. நாகர்கோவிலில் நடுத்தர அளவு மருத்துவமனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே பெரிய சர்வருக்குள் தனித்தனிக் கணினிபோல் ஓடும் ஆறு விர்ச்சுவல் மெஷின்கள்: நோயாளி பதிவு, லேப், ஃபார்மசி பில்லிங், டேட்டாபேஸ், ஃபைல் சர்வர், பேக்கப். ஞாயிறு இரவு 10 மணி முதல் 1 மணி வரை டேட்டாபேஸ் அப்கிரேடு. டேட்டாபேஸ் நின்றவுடன் அதோடு பதிவு, லேப், பில்லிங் மூன்றின் லாகின் பக்கமும் பிழை காட்டும். ஆக, நிறுத்த வேண்டியது டேட்டாபேஸ் சர்வீஸ் அலர்ட்டையும், இந்த மூன்றிலும் டேட்டாபேஸைத் தொடும் செக்குகளையும் மட்டும். அந்த மூன்று மெஷின்களின் பிங் (மெஷின் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை), மெமரி, ஃபைல் சர்வர், அடியில் இருக்கும் பெரிய சர்வர் எல்லாம் வழக்கம்போல் அலர்ட் கொடுக்கட்டும்.

டேட்டாபேஸ் மெஷினிலும் ஒன்றை மட்டும் கட்டாயம் விட்டுவையுங்கள்: டிஸ்க் இட அலர்ட். அப்கிரேடுக்கு முன் டேட்டாபேஸை முழுதாக ஃபைலில் இறக்கி எடுக்கும் டம்ப், பழைய டேட்டா டைரக்டரியின் நகல், வேலையின்போது பெருகும் லாக் எல்லாம் சேர்ந்து டிஸ்க் நிரம்ப அதிக வாய்ப்புள்ள நேரமே அந்த மூன்று மணி நேரம்தான். சர்வர் அறையின் வெப்பநிலை, யூபிஎஸ், தவறான லாகின் முயற்சி ஆகியவற்றையும் எந்தப் பராமரிப்புக்கும் நிறுத்தக் கூடாது.

இனி, நாகியோஸ், ஜாபிக்ஸ், புரோமிதியஸ் என்று மானிட்டரிங் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும் குழிகள். நாகியோஸில் ஹோஸ்ட்டுக்கு, அதாவது மெஷின் முழுவதற்கும், டவுன்டைம் (அறிவிப்பை நிறுத்திவைக்கும் நேரம்) போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் போட்டால் அந்த மெஷினின் எல்லா சர்வீஸ் அறிவிப்பும், நாம் விட்டுவைத்த டிஸ்க் இட அலர்ட் உட்பட, நின்றுவிடும். ஆனால் டேட்டாபேஸ் அப்கிரேடில் மெஷின் உயிரோடு இருக்கும், சர்வீஸ் மட்டும் நிற்கும். அதனால் அந்த சர்வீஸுக்கு மட்டும் தனியாக டவுன்டைம் போட வேண்டும்.

ஜாபிக்ஸில் இதற்குப் பெயர் மெயின்டனன்ஸ்; அது இரண்டு வகை: தரவு சேகரிப்போடு, தரவு சேகரிப்பு இல்லாமல். முதல் வகையைத்தான் எப்போதும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டாவதைப் போட்டால், அப்கிரேடு முடிந்து 'ஏன் மெதுவாக இருக்கிறது' என்று தேடும்போது, நமக்குத் தேவைப்படும் அந்த மூன்று மணி நேரம்தான் கிராஃபில் வெற்றிடமாக இருக்கும். இன்னொன்று: மெயின்டனன்ஸின் தொடக்கம், முடிவு என்று மேலே போடுவது வெளி எல்லை மட்டும், உள்ளே 'பீரியட்' பகுதியில் கொடுக்கும் நேரம் அந்த எல்லைக்குள் விழ வேண்டும். அறிவிப்பு அனுப்பும் விதியான ஆக்‌ஷனில், ஒடுக்கப்பட்ட (மெயின்டனன்ஸுக்குள் எழுந்த) பிரச்சினைகளுக்கு அறிவிப்பை நிறுத்திவைக்கும் டிக்கை யாராவது எடுத்துவிட்டிருந்தால், மெயின்டனன்ஸ் சரியாகப் போட்டிருந்தாலும் எஸ்எம்எஸ் போய்க்கொண்டிருக்கும்.

புரோமிதியஸ் வைத்திருப்பவர்கள், அதன் அறிவிப்பு அனுப்பும் பகுதியான அலர்ட்மேனேஜரில் சைலன்ஸ் (டவுன்டைமுக்கு அங்கே உள்ள பெயர்) போடும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அந்தத் திரை நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் உள்ள யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் இரவு 10 மணி அங்கே 16:30. பழக்கத்தில் 22:00 என்று அடித்தால் சைலன்ஸ் நம் ஊரில் அதிகாலை 3:30-க்குத்தான் தொடங்கும்; அதற்குள் வேலையே முடிந்திருக்கும். எந்த அலர்ட்டை நிறுத்துவது என்று குறிக்கும் மேட்சரில் பெயருக்குப் பின்னால் புள்ளி, நட்சத்திரம் போட்டு 'டிபி என்று தொடங்கும் எல்லாம்' என்று எழுதுவது அடுத்த ஆபத்து. அடுத்த கிளையின் டேட்டாபேஸும் அதில் மாட்டிக்கொள்ளும். முழுப் பெயரையே எழுதுங்கள். கீழே 'முன்னோட்டம்' காட்டும் பட்டியலில், அப்போது எழுந்திருக்கும் அலர்ட்டுகளில் எத்தனை சிக்குகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு சேமியுங்கள்.

அமெரிக்க வாடிக்கையாளருக்கு இங்கிருந்து வேலை பார்க்கும் அலுவலகங்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் நகரும். வாராவாரம் தானாக ஓடும்படி போட்ட டவுன்டைமை அந்த இரண்டு வாரங்களில் கையால் சரிபார்க்க வேண்டும்.

எவ்வளவு நேரம் போடுவது? அப்கிரேடுக்கு 90 நிமிடம், பிசகினால் பழைய நிலைக்குத் திரும்ப 45 நிமிடம், சரிபார்க்க 30 நிமிடம், மொத்தம் 165. மூன்று மணி நேரம் போதும். 'பத்திரத்துக்கு' என்று 24 மணி நேரம் போடுவது, திங்கட்கிழமை ஓபி நெரிசலில் டேட்டாபேஸ் விழுந்தாலும் யாருக்கும் தெரியாமல் செய்துவிடும். முடிய 20 நிமிடம் இருக்கும்போது ஒருவர் போனில் அலாரம் அடிக்கட்டும். தேவைப்பட்டால் அப்போது நீட்டிக்கலாம். நீட்டிப்பதை மறந்தால் என்ன ஆகும்? அலர்ட் வரும், தூங்குபவர் எழுவார், அவ்வளவுதான். நீக்க மறந்த நீண்ட சைலன்ஸைவிட அந்த நஷ்டம் சிறியது.

வேலை தொடங்க அரை மணி நேரம் முன்பே சிவப்பாக இருக்கும் அலர்ட்டுகளை ஒரு படம் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் போன வாரமே பழுதான ரெய்டு டிஸ்க்குக்கு இன்றைய அப்கிரேடு பழி சுமக்கும். குழுவிலும் கேட்பவர் மொழியில் ஒரு செய்தி போட வேண்டும்:

'இன்று ஞாயிறு இரவு 10 முதல் 1 வரை டேட்டாபேஸ் அப்கிரேடு. பதிவு, லேப், ஃபார்மசி பில்லிங் வேலை செய்யாது. அவசரப் பிரிவில் கையால் எழுதிய சீட்டு பயன்படுத்தவும். 1 மணிக்குப் பிறகும் திறக்காவிட்டால் டூட்டியில் இருப்பவரை போனில் அழைக்கவும். குழுவில் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.'

முடிந்த பிறகுதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சைலன்ஸ் முடியும்போதும் சிவப்பாக இருக்கும் அலர்ட் எப்படியும் வந்து சேரும்; அது பிரச்சினை இல்லை. இடையில் ஒரே ஒரு தடவை எழுந்து அடங்கிய அலர்ட்தான் ஆபத்து. இரவு 12:30-க்கு ஓட வேண்டிய பேக்கப், டேட்டாபேஸ் நின்றிருந்ததால் தோற்றுப்போகிறது. அதுவும் டேட்டாபேஸைத் தொடும் செக் என்று நிறுத்தப்பட்டிருந்தால், தோல்வி அலர்ட் சைலன்ஸுக்குள் எழுந்து, சைலன்ஸுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அடுத்த பேக்கப் நாளை இரவு. அப்கிரேடு செய்த புது டேட்டாபேஸ் ஒரு நாள் முழுக்க பேக்கப் இல்லாமல் ஓடுகிறது, யாருக்கும் செய்தி இல்லை. எனவே சைலன்ஸை நீக்குமுன் அந்த மூன்று மணி நேரத்தில் எழுந்த எல்லா அலர்ட்டுகளின் வரலாற்றையும் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். தவறிய பேக்கப்பைக் கையால் ஓட்ட வேண்டும். ரீஸ்டார்ட் செய்திருந்தால், கையால் தொடங்கி வைத்த சர்வீஸ் மெஷின் எழும்போது தானாக எழுகிறதா, இணைத்திருந்த டிஸ்க்குகள் (மவுன்ட்) எல்லாம் வந்ததா, நகல் டேட்டாபேஸ் (ரெப்ளிகேஷன்) எட்டிப் பிடித்ததா என்றும் பார்த்துவிட்டு, 12:40-க்கே முடிந்திருந்தால் 12:40-க்கே சைலன்ஸை நீக்கிவிடுங்கள்.

மின்வாரிய ஷட்டவுன்

குமரி மாவட்டத்தில் அடிக்கடி வரும் திட்டமிட்ட பராமரிப்பு நம்முடையதே அல்ல, மின்வாரியத்துடையது. வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம் என்று ஊர்ப் பெயர்களோடு முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது; ஆனால் அதைப் படித்து மானிட்டரிங்கில் ஏற்றும் பொறுப்பு பெரும்பாலும் யாருக்கும் இல்லை. ஒரு ஆளிடம் ஒப்படையுங்கள். அறிவித்த நிமிடத்தில் கரண்ட் போகாது, வராது என்பதால் நாகியோஸில் நெகிழ்வான டவுன்டைம் இதற்குப் பொருத்தம்: காலை 8 முதல் 11 வரை எப்போது கிளை விழுந்தாலும் அங்கிருந்து 6 மணி நேரம் என்று கொடுக்கலாம். கிளையின் ரவுட்டரை மற்ற கருவிகளுக்குப் பேரன்ட்டாக (அது விழுந்தால் மற்றவை எட்டாது என்று) வைத்திருந்தால் முப்பது செய்திக்குப் பதில் ஒன்றுதான் எழும்.

ரவுட்டரும் ஸ்விட்சும் யூபிஎஸ்ஸில் இருக்கிறதா என்று நேரில் போய் ஒயரைத் தொட்டுப் பாருங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்க, ரவுட்டர் சுவர் பிளக்கில் இருந்ததால் 'சர்வர் டவுன்' என்று காட்டும் கிளைகள் உண்டு. பேட்டரி குறைந்து சர்வர் ஒழுங்காக ஷட்டவுன் ஆன பிறகு, யூபிஎஸ் அணையுமுன்பே கரண்ட் வந்துவிட்டால், சர்வருக்கு மின்சாரம் போனதே தெரியாது. சர்வரின் அடிப்படை அமைப்பான பயாஸில் 'மின்சாரம் திரும்பினால் தானாக எழு' என்று வைத்திருந்தாலும் அது எழாது. டவுன்டைமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதால் அலர்ட்டும் வராது. கரண்ட் வந்த அரை மணி நேரத்தில் கிளையை அழைத்துக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கி புயலால் மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மானிட்டரிங் சர்வரும் அதே கட்டடத்தில் இருந்தால் அப்படி ஒரு நாளில் ஒரு அலர்ட்கூட வராது. வெளியூரில் இருப்பவருக்குத் திரை அமைதியாகத் தெரியும். மானிட்டரிங் சர்வர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாவட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு சேவைக்கு 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். 15 நிமிடம் அது வராவிட்டால் இரண்டு பேருக்குப் போன் அழைப்பு போகட்டும். அந்த செக்குக்கும் எந்த இரவிலும் டவுன்டைம் போடாதீர்கள்.